தகடா? ஷிங்கிளா?
மாடிக்கு மேல் கூரை போடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்குகள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். கட்டிய வீட்டின் மேல் இன்னொரு கூரை போட்டுப் பார்ப்பதும் அதற்குக் குறைந்த வேலை அல்ல என்பது பெங்களூரில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களின் இன்றைய அனுபவம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு முப்பதுக்கு நாற்பது மனையில் கடன் வாங்கிக் கட்டிய வீடு. மொட்டை மாடியில் மயிரிழை போல விரிசல் கண்டு, ஏப்ரல், மே மாதத்து மாலை மழையில் படுக்கை அறைச் சுவர் ஊறத் தொடங்குகிறது. பூச்சு வேலைக்காரர் ஒரு மருந்தைத் தடவிவிட்டுப் போவார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் ஈரம். கடைசியில், "மேலே ஒரு கூரை போட்டுவிடுவோம். ஒழுக்கும் நிற்கும், ஒரு அறையும் கிடைக்கும்" என்ற முடிவுக்கு வீட்டார் வருகிறார்கள்.

சிக்கல் அதன் பிறகுதான் ஆரம்பமாகிறது. இரும்புத் தகட்டுக் கூரையா, அமெரிக்க வீடுகளில் காணும் ஷிங்கிள் கூரையா?

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் மகன் ஷிங்கிள் பக்கம் நிற்கிறான். "ஏம்ப்பா, இந்தக் காலத்தில் போய்த் தகரமா?" என்பது அவன் கேள்வி. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தந்தையோ, "அந்தத் தகரத்துக்கு அடியிலதான்டா நாங்க வளர்ந்தோம், படிச்சோம். அதுல என்ன குறை?" என்கிறார். ஆனால் அதே தகரத்தின் கீழ் சித்திரை வெயிலில் வெந்ததும், மழை இரைச்சலில் பாடம் காதில் விழாமல் போனதும் அவருக்கும் மறந்துவிடவில்லை. ஆகவே அவர் மனமும் ஊசலாடுகிறது. நடுவில், சேமநலநிதிப் பணத்தை எதில் போடுவது என்று தெரியாமல் வீட்டு அம்மாள் விழிக்கிறார்.

ஒரு முறை போட்ட கூரையை மறுபடி பிரித்துப் போட நடுத்தரக் குடும்பத்துக்கு வசதி வருவதில்லை. அதனால் கடைக்காரர் சொல்வதையும் அக்கம்பக்கத்தார் சொல்வதையும் கேட்டு முடிவெடுக்காமல், இரண்டின் குணங்களையும் நிதானமாக அலசிப் பார்ப்பது நல்லது.

வந்த வழி

இன்று போட்டி போடும் இரண்டு கூரைகளுமே இந்த ஊருக்கு வந்தேறிகள்தாம். நெளிவுத் தகட்டுக்கு 1829-ல் இங்கிலாந்தில் ஹென்றி ராபின்சன் பாமர் என்ற பொறியாளர் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் அதன் மீது துத்தநாக முலாம் பூசும் முறையும் வந்தது. துரு எளிதில் பிடிக்காத, கப்பலில் அடுக்கி அனுப்பக்கூடிய அந்தத் தகடு, வெள்ளைக்காரர் சுரங்கம் வெட்டிய இடங்களுக்கும் ரயில் போட்ட இடங்களுக்கும் கூடவே சென்றது. 1880-ல் கோலாரில் ஜான் டெய்லர் கம்பெனி தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கிய பின்பு, வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் தட்டிச் சுவரோடும் தகரத்தோடும் பழகியது இப்படித்தான். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் லைன் வீடுகளின் நினைவு அவர்களை விட்டுப் போகவில்லை. தகரம் என்றால் ஏழ்மை என்ற எண்ணம் பலர் மனத்தில் படிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தகட்டுக்கும் முன்பே மேற்குக் கரையில் தன் ஆட்சியை நிறுவியது மங்களூர் ஓடு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதுவும் அதே நூற்றாண்டின் சரக்குதான். 1865-ல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர், மங்களூர் ஜெப்புவில் நேத்ராவதி ஆற்றங்கரைக் களிமண்ணைக் கொண்டு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். ஒன்றை ஒன்று கவ்விக் கொள்ளும் அந்தச் சிவப்பு ஓடு நாடெங்கும் பரவியது.

ஷிங்கிள் என்பது முதலில் மரத்துண்டு. இமயமலைப் பகுதிகளில் தேவதாரு மரத்தை மெல்லிய பலகைகளாகப் பிளந்து, மீன் செதில் போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கூரை வேய்ந்தார்கள். இன்று கடைகளில் ஷிங்கிள் என்ற பெயரில் விற்பது மரம் அல்ல. கண்ணாடி இழைப் பாயில் தார் போன்ற பிட்டுமனை ஏற்றி, மேலே வண்ணக் கல்பொடியை அழுத்திச் செய்த தடித்த தாள். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், முப்பத்து மூன்று சென்டிமீட்டர் அகலம். 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பழக்கத்துக்கு வந்த இது, நம் பக்கம் கேரளத்திலும் குடகிலும் பெங்களூர்ப் புறநகரிலும் சாய்வான கான்கிரீட் கூரை போடும் வழக்கம் பெருகிய பிறகுதான் அதிகமாகக் கண்ணில் படுகிறது.

எடை என்ன சொல்கிறது?

முதல் கேள்வி, பழைய கட்டடம் எவ்வளவு தாங்கும் என்பதே. இருபது அடிக்கு முப்பது அடி, அதாவது 600 சதுர அடி மாடியை மூடுவதாக வைத்துக் கொள்வோம். கொத்தனார் கணக்கில் ஆறு சதுரம். சாய்வும் சேர்ந்தால் கூரைப் பரப்பு ஏறக்குறைய அறுபது சதுர மீட்டர் வரும்.

அரை மில்லிமீட்டர் வண்ணத் தகடு, நெளிவையும் சேர்த்து, சதுர மீட்டருக்குச் சுமார் நாலரை கிலோ. மொத்தம் 270 கிலோ. ஷிங்கிளோ தன் காலில் தான் நிற்காது. அடியில் முழுக்கப் பலகை வேண்டும். பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட், அதன் மேல் ஈரம் தடுக்கும் தாள், அதன் மேல் ஷிங்கிள் என்று எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு இருபது கிலோ அளவில் வரும். மொத்தம் 1,200 கிலோ. மங்களூர் ஓடு என்றால் சதுர மீட்டருக்கு நாற்பது கிலோவுக்கு மேல். மொத்தம் இரண்டரை டன். இவை எல்லாம் தாங்கும் சட்டத்தின் எடையைச் சேர்க்காத கணக்கு.

தரையோடு சேர்ந்து இரண்டு மாடிக்கு மட்டும் அஸ்திவாரம் போட்ட வீட்டில், மேலே சுமையை ஏற்றுமுன் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுவது அவசியம். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு அல்ல. தூண் இல்லாத, சுவரே சுமை தாங்கும் பழைய வீடுகளில் தகட்டுக்குத்தான் முதல் சலுகை.

சாய்வின் கணக்கு

தகட்டுக்குச் சாய்வு குறைவாக இருந்தாலும் போதும். நீளமான ஒரே தகடாக முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை ஓடினால் பத்து டிகிரி சாய்வில் தண்ணீர் தங்காமல் இறங்கிவிடும். இருபது அடி அகல வீட்டில் நடுவில் முகடு வைத்தால், பத்து அடிக்கு ஒன்றே முக்கால் அடி உயரம் கொடுத்தால் போதும்.

ஷிங்கிள் சின்னச் சின்னத் துண்டுகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதால்தான் தண்ணீர் உள்ளே போகாது. சாய்வு குறைந்தால் தண்ணீர் தேங்கி, மூட்டுக்குள் ஏறும். பன்னிரண்டுக்கு நான்கு என்பது அதற்கு இதமான சாய்வு. அதாவது பத்து அடிக்கு மூன்று அடி நான்கு அங்குலம் உயரம். பன்னிரண்டுக்கு இரண்டு வரை குறைக்கலாம்; ஆனால் அடித்தாளை இரட்டையாகப் போட வேண்டும். அதற்கும் கீழே போனால் ஷிங்கிளை நினைக்கவே கூடாது. "கொஞ்சம் சாய்வு போதும் சார், பசை வைத்து ஒட்டிவிடுகிறோம்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை நம்பி மோசம் போக வேண்டாம்.

காற்றும் திருகாணியும்

கோடை மழைக்கு முன்னே வரும் சுழல்காற்றில் தகடு பறந்தது என்ற செய்தி ஆண்டுதோறும் வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது காவிரிப் பாசனப் பகுதியில் பறந்த தகடுகளை ஊருக்குப் போய்ப் பார்த்தவர்கள் பலர். அதனால் தகட்டுக் கூரை என்றாலே பயம்.

பயத்துக்கு மருந்து கணக்குதான். ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி ஒவ்வொரு ஊருக்கும் காற்றின் அடிப்படை வேகத்தைக் கொடுத்திருக்கிறது. பெங்களூருக்கு வினாடிக்கு 33 மீட்டர், மங்களூருக்கு 39, மும்பைக்கு 44, சென்னைக்கு 50. வேகத்தை வேகத்தால் பெருக்கி அதை 0.6 ஆல் பெருக்கினால் காற்றின் அழுத்தம் கிடைக்கும். பெங்களூரில் அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 66 கிலோ எடைக்குச் சமம். மங்களூரில் 93 கிலோ. சென்னையில் 153 கிலோ. கூரை ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு இதைவிடக் கூடும். பக்கம் திறந்த கொட்டகையாக இருந்தால் கீழிருந்தும் காற்று புகுந்து தள்ளும்.

நாலரை கிலோ எடையுள்ள தகட்டை 66 கிலோ விசை தூக்குகிறது என்றால், அதைப் பிடித்து வைத்திருப்பது எடை அல்ல, திருகாணிதான் என்பது விளங்கும். பறந்துபோன கூரைகளில் பெரும்பாலும் குற்றம் தகட்டின் மீது இல்லை. ஆணியைத் தாராளமாக இடைவெளி விட்டு அடித்ததும், சட்டத்தைச் சுவரோடு சரியாகப் பிணைக்காததும், மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் சும்மா உட்கார வைத்ததும்தான் காரணம். தகட்டைச் சட்டத்தோடும், சட்டத்தைத் தூணோடும், தூணைக் கான்கிரீட்டோடும் தொடர்ச்சியாகக் கட்டினால் அது அசையாது. ஓரத்திலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஆணி வேண்டும். பறக்கும் தகடு பக்கத்து வீட்டுக் குழந்தையின் மேல் விழக்கூடியது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஷிங்கிளுக்கும் இந்த விதி உண்டு. துண்டுக்கு நான்கு ஆணி. காற்று அதிகமுள்ள இடத்தில் ஆறு. அடிப்பக்கத்தில் உள்ள பசைப்பட்டை வெயில் சூட்டில் இளகி ஒட்டினால்தான் பிடிப்பு வரும். ஆகவே ஆடி மாதத்துத் தூறலில் ஷிங்கிள் ஒட்டும் வேலையைத் தொடங்குவது புத்திசாலித்தனம் அல்ல. பங்குனி, சித்திரையே அதற்கு ஏற்ற காலம். ஒரு துண்டு பறந்தால் நஷ்டம் சிறியது என்பது ஷிங்கிளின் நல்ல குணம்.

வெயிலும் ஓசையும்

பெங்களூருக்கு மின்விசிறியே வேண்டாம் என்று சொன்ன காலம் போய்விட்டது. 2024 ஏப்ரலில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டியது. அந்த வெயிலில் கறுப்பு, கரும்பழுப்பு நிறக் கூரையின் மேல்பரப்பு 60 டிகிரிக்கும் மேலே ஏறும்.

இந்த இடத்தில் பலரும் தகட்டையே குறை சொல்கிறார்கள். முழு உண்மை அது அல்ல. தகடு சூட்டை விரைவில் உள்ளே விடும்; மாலையானதும் விரைவில் ஆறியும்விடும். வெள்ளை அல்லது வெளிர் நிறத் தகடு வெயிலின் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஷிங்கிள் பெரும்பாலும் அடர் நிறத்தில் வருவதால் வெயிலைக் குடித்துக் கொள்கிறது. அடியில் உள்ள பலகைதான் அந்தச் சூட்டை மெதுவாக இறக்குகிறது. வெறும் தகட்டையும் பலகை போட்ட ஷிங்கிளையும் ஒப்பிடுவது சட்டை இல்லாதவனையும் கம்பளி போர்த்தியவனையும் ஒப்பிடுவது போல. தகட்டுக்கு அடியிலும் வெப்பம் தடுக்கும் விரிப்பு, அதன் கீழே ஒரு உட்கூரை, முகட்டில் சூடான காற்று வெளியேற வழி ஆகிய மூன்றையும் கொடுத்தால் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும்.

ஓசையும் அப்படியே. உட்கூரை இல்லாத தகட்டின் மேல் ஐப்பசி மழை கொட்டினால் கீழே பேச்சு கேட்காது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், தூக்கம் வராத முதியவருக்கும் அது தண்டனை. கண்ணாடிப் பஞ்சு விரிப்பும் உட்கூரையும் அந்த இரைச்சலை மட்டுப்படுத்தும்; அடியோடு நீக்காது. சத்தமே ஆகாது என்பவர்களுக்கு ஷிங்கிளே மேல். இதில் மறுபேச்சு இல்லை.

குளிர் இரவில் தகட்டின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டுவதும் உண்டு. சிக்கமகளூர், மடிகேரிப் பக்கம் வீடு உள்ளவர்கள் இதை அறிவார்கள். அதற்கும் அடிவிரிப்பே மருந்து.

மலைநாட்டில் ஒரு விதி, கடற்கரையில் ஒரு விதி

பெங்களூரில் ஆண்டு மழை ஏறக்குறைய 970 மில்லிமீட்டர். மங்களூரில் 3,500-க்கும் மேல். ஆகும்பேயில் 7,000-ஐத் தாண்டுகிறது. ஒரே மாநிலத்தில் இத்தனை வேறுபாடு இருக்கும்போது எல்லா ஊருக்கும் ஒரே கூரை எப்படிப் பொருந்தும்?

மழை விடாமல் பெய்து நிழலும் சேர்ந்த இடங்களில் ஷிங்கிளின் சொரசொரப்பான முகத்தில் பாசி பிடிக்கும். கறுப்புக் கோடுகள் இறங்கும். முகட்டை ஒட்டிச் செம்பு அல்லது துத்தநாகப் பட்டை ஒன்றைப் பதித்தால், மழை நீரில் கரைந்து வரும் உலோகம் பாசியை ஓரளவு அடக்கும். பிளைவுட்டில் ஈரம் ஏறினால் ஊறி உப்பும், கரையானும் வரும். அதனால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, நீர் தாங்கும் பலகையையோ சிமென்ட் இழைப் பலகையையோதான் போட வேண்டும். பலகையில் மிச்சம் பிடித்தால் கூரையே பாழ்.

சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களில், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்து வாழ்கிறார்கள். அது போன்ற மழைப் பகுதியில் தண்ணீரைச் சட்டென்று இறக்கிவிடும் தகடும், நல்ல சாய்வுள்ள ஓடும்தான் காலத்தால் சோதிக்கப்பட்டவை. ஓட்டுக்கு எதிரி குரங்கு. கூட்டமாக வந்து குதித்து ஓட்டைப் புரட்டிவிட்டுப் போகும். தகட்டை அவை ஒன்றும் செய்ய முடியாது. தேங்காய் விழுந்தால் தகடு நசுங்கும், ஆனால் உடையாது.

கடற்கரையோரம் உப்புக் காற்று தகட்டின் பகை. அங்கே சாதாரண இரும்புத் தகட்டைப் போட்டால் சில ஆண்டுகளில் வெட்டு முனைகளிலும் ஆணித் துளைகளிலும் துரு கிளம்பும். அலுமினியத் தகடோ, கனமான முலாமும் தகுந்த வண்ணப் பூச்சும் கொண்ட தகடோ வேண்டும். ஷிங்கிள் துருப்பிடிக்காது. ஆனால் அதன் ஆணி பிடிக்கும் என்பதை நினைவில் வைத்து, துருவேறாத ஆணியைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடையில் ஏமாறாமல் இருக்க

தகட்டுக் கடையில் "அரை எம்.எம்." என்று சொல்வார்கள். முலாமும் பெயிண்டும் சேர்ந்த மொத்தக் கனமா, உள்ளே உள்ள எஃகின் கனமா என்று கேட்க வேண்டும். மொத்தம் 0.50 மில்லிமீட்டர் என்றால் எஃகு ஏறக்குறைய 0.45 தான் இருக்கும். எச்.ஏ.எல்., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். தொழிற்சாலைகளில் மைக்ரோமீட்டர் பிடித்த கைகள் நம்மவரிடையே ஏராளம். ஓய்வு பெற்ற அந்தத் தெருப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று அளந்து பார்த்தால் வியாபாரியின் தொனியே மாறிவிடும்.

அடுத்தது முலாம். பழைய முறை, முழுத் துத்தநாகம். 1972-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த புதிய முறையில் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம், சிறிது சிலிக்கான். சாதாரண ஊர்களில் இது வெகுகாலம் தாங்கும். "ஏ.இசட். 150" என்று தகட்டில் அச்சிட்டிருந்தால், சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 150 கிராம் முலாம் என்று பொருள். இந்த எண்ணைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

மூன்றாவது, வேலை செய்யும் முறை. தகட்டைச் சக்கரக் கட்டரால் பொறி பறக்க அறுத்தால் முனையில் முலாம் எரிந்துவிடும். அங்கேதான் முதல் துரு. கத்தரி வகைக் கருவியால் வெட்டச் சொல்ல வேண்டும். துளையிட்ட இரும்புத் தூளை அன்று மாலையே பெருக்கித் தள்ள வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழையில் கூரை முழுதும் காவிப் புள்ளிகள். ஆணியை நெளிவின் பள்ளத்தில் அல்ல, மேட்டில் அடிக்க வேண்டும். அதோடு வரும் ரப்பர் வாஷர் பிதுங்காமல், ஆனால் இறுக்கமாக உட்கார வேண்டும். நல்ல தகட்டில் மலிவு வாஷர் போட்டுச் சில ஆண்டுகளில் ஒழுகிய கூரைகள் ஏராளம்.

ஷிங்கிள் வாங்குவோர் கவனிக்க வேண்டியது வேறு. பெரும்பாலான சரக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஐந்து ஆண்டு கழித்து நான்கு துண்டு கிழிந்தால் அதே நிறம் கிடைக்காது. ஆகவே ஒன்றிரண்டு கட்டுகளைக் கூடுதலாக வாங்கிச் சூடு படாத இடத்தில் வைத்திருப்பது முன்யோசனை. இருபது, முப்பது ஆண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது சரக்குக்கு மட்டுமா, ஒட்டிய கூலிக்கும் சேர்த்தா, எத்தனை ஆண்டுக்குப் பின் தொகை குறைந்துகொண்டே போகும் என்பதைச் சின்ன எழுத்தில் படிக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சரக்கும் இருக்கிறது. எஃகுத் தகட்டை ஓடு போலவோ ஷிங்கிள் போலவோ அச்சில் வார்த்து, மேலே கல்பொடி ஒட்டியது. மழைச் சத்தம் வெறும் தகட்டைவிடக் குறைவு, பார்வைக்கும் அழகு, எடையும் அதிகம் இல்லை. விலை மட்டும் சாதாரணத் தகட்டைவிட உயர்வு.

தண்ணீர்க் கணக்கு

2009-ல் பெங்களூரில் மழை நீர்ச் சேகரிப்பு சட்டமானது. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்குத் தெருத் தெருவாகக் காத்திருந்தபோதுதான் பலருக்கு அதன் அருமை புரிந்தது. 600 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு விழுவது ஏறக்குறைய 54 ஆயிரம் லிட்டர். வழியில் வீணாவது போக 45 ஆயிரம் லிட்டரைப் பிடிக்கலாம். 6 ஆயிரம் லிட்டர் லாரி ஏழு முறை வந்ததற்குச் சமம்.

இந்த வேலைக்குத் தகடே சிறந்தது. வழவழப்பாக இருப்பதால் தண்ணீர் தங்காது; தூசியும் எளிதில் கழுவிக்கொண்டு போகும். ஷிங்கிளில் தொடக்கத்தில் கல்பொடி உதிரும். பிட்டுமன் மேல் ஓடி வரும் நீரைத் தோட்டத்துக்கும் துணி துவைக்கவும் நிலத்தடிக்கு இறக்கவும் பயன்படுத்துவதோடு நிறுத்திக்கொள்வதே நலம். எந்தக் கூரையானாலும் முதல் மழையைத் திறந்து விட்டுவிட வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் உள்ளவர்களுக்கு

பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட்டை எடுத்துவிட்டுப் புதுக் கூரை போடுவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகையும் புற்றுநோய் தரவல்லவை என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. ஆபத்து அதன் தூசியில் இருக்கிறது. ஷீட்டைச் சம்மட்டியால் உடைக்கவோ ரம்பத்தால் அறுக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். வேலையாளுக்கு நல்ல முகமூடி கொடுக்க வேண்டும். குழந்தைகளை அன்று வேறு இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். கூலிக்கு வந்த இளைஞனின் நுரையீரலும் நம் பிள்ளையின் நுரையீரலைப் போன்றதே.

முடிவு எப்படி எடுப்பது?

மாடியில் துணி உலர்த்தவும் ஒழுக்கைத் தடுக்கவும் மட்டும் கூரை என்றால் யோசனையே வேண்டாம். வெளிர் நிறத் தகடு போதும். செலவும் குறைவு, வேலையும் சில நாளில் முடியும்.

மனிதர் தங்கும் அறை என்றால், முதலில் பணத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மேல் தகட்டுக்கு ஒரு பங்கு, அடிவிரிப்புக்கும் உட்கூரைக்கும் ஒரு பங்கு. இரண்டாவது பங்கை மிச்சம் பிடிப்பவர்கள்தான் பின்னால் "தகரம் வேகிறது" என்று புலம்புகிறார்கள். வாடகைக்கு விடும் அறை என்றாலும் இதுவே நியாயம். அங்கே தங்கப் போகிறவர் ஊரிலிருந்து வேலை தேடி வந்த இன்னொரு தமிழ்ப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

சாய்வான கான்கிரீட் கூரை ஏற்கெனவே இருந்தால், பலகைச் செலவு மிச்சம். அங்கே ஷிங்கிள் பொருத்தமாக அமரும். ஆனால் கான்கிரீட் ஒழுகாமல் இருக்க வேண்டும். ஒழுகும் கான்கிரீட்டின் மேல் ஷிங்கிள் ஒட்டுவது புண்ணை மூடிப் புனுகு பூசுவதற்கு ஒப்பாகும்.

ஆயுள் என்று பார்த்தால், நல்ல முலாமுள்ள தகடு உள்நாட்டில் முப்பது ஆண்டு உழைக்கும். நம் வெயிலில் ஷிங்கிளுக்குச் சுமார் இருபது ஆண்டு என்று கணக்கு வைப்பதே பாதுகாப்பு. ஆயுள் முடிந்த தகட்டைக் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துப் போவார். ஆயுள் முடிந்த ஷிங்கிளை அப்புறப்படுத்த நாம் காசு கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மாடியில் எதைக் கட்டினாலும் மாநகராட்சி அல்லது நகரசபையில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொண்டு தொடங்குவதே முறை. ஒப்பந்தக்காரரிடம் தகட்டின் கனம், முலாம், பலகையின் தரம், ஆணியின் இடைவெளி, ஒழுகினால் யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுக்கு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். முழுத் தொகையையும் முன்கூட்டிக் கொடுத்துவிடாமல், ஒரு பங்கை நல்ல மழை ஒன்று பெய்து முடியும் வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. கூரை சரியா என்று சொல்லும் நடுவர் மழைதான்.